கதவுச் சங்கிலியும் கொஞ்சம் சுண்ணாம்பும்

அக்டோபர் 11, சனி

குழித்துறை நண்பர் கேட்டது: "'கிஸ் ஆஃப் த டேம்ன்ட்' பார்த்தேன். அழகான வீடு, அழகான பெண்கள், அழகான வெளிச்சம். பயம் எங்கே? ரத்தக்காட்டேரிப் படம் என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் சென்ட் விளம்பரம் ஓட்டியிருக்கிறார்கள். இதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

அக்டோபர் 11, இரவு

பயம் அந்தக் கதவில் இருக்கிறது.

பாவ்லோ ஜூனாவின் வீட்டு வாசலில் வந்து நிற்கும் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அவள் கதவைத் திறக்கிறாள், சங்கிலியை எடுக்கவில்லை. நாலு விரல் இடைவெளிதான். அந்த இடைவெளிக்குள் முத்தம், முத்தத்துக்குள் கடி. உதட்டில் ரத்தம் வந்துவிடுகிறது. சங்கிலி அவனை வெளியே நிறுத்துவதற்கா, அவளை உள்ளே நிறுத்துவதற்கா? நான் முதல் தடவை பார்த்தபோது அவன் உள்ளே போய்விடுவானோ என்று பயந்தேன். இரண்டாம் தடவை, அவள் வெளியே வந்துவிடுவாளோ என்று பயந்தேன்.

சென்ட் விளம்பரத்தில் எதையும் யாரும் மறுப்பதில்லை. இந்தப் படத்தின் முதல் பாதி முழுக்க மறுப்புதான்.

அக்டோபர் 12

நேற்று அவசரத்தில் எழுதினேன். படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம்.

2012இல் வந்த அமெரிக்கப் படம். இயக்குநர் சான் கசாவெட்டிஸ். ஜான் கசாவெட்டிஸ், ஜீனா ரோலண்ட்ஸ் தம்பதியின் மகள். ஜூனாவாக ஜோசஃபின் த லா பௌம், பாவ்லோவாக மைலோ வென்டிமிலியா. பாவ்லோ திரைக்கதை எழுதுபவன். அமைதியாக உட்கார்ந்து எழுதலாம் என்று கனெக்டிகட் பக்கம் வந்திருக்கிறான். ஜூனா பெரிய வீட்டில் தனியாக இருக்கிறாள், பகலில் வெளியே வருவதில்லை. மனித ரத்தம் தொடுவதில்லை என்று வைராக்கியமாக இருப்பவள், காட்டில் மிருகங்களை வேட்டையாடிக் காலம் கழிக்கிறாள். அப்புறம் அவள் தங்கை மிமி வருகிறாள். அவளுக்கு அந்த வைராக்கியம் எதுவும் கிடையாது. மிமியாக ரோக்ஸான் மெஸ்கீதா. கண்ணில் எப்போதும் ஒரு சலிப்பு. அந்தச் சலிப்புதான் படத்திலேயே ஆபத்தான பொருள்.

பாவ்லோவும் ஜூனாவும் முதலில் சந்திப்பது வீடியோ கடையில். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அக்டோபர் 14

வீடியோ கடை.

எங்கள் மாமா களியக்காவிளையில் வீடியோ கேசட் கடை வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எல்லைக் கடை என்பதால் பாதி அலமாரி தமிழ், பாதி மலையாளம், ஓரத்தில் ஒரு தட்டு இங்கிலீஷ். பள்ளி விட்டு வந்து நான்தான் கணக்கு நோட்டு எழுதுவேன்: பெயர், கேசட் எண், முன்பணம், திருப்பித் தர வேண்டிய தேதி. கேசட்டைச் சுற்றிவிடாமல் தந்தால் தனியாக ஒரு ரூபாய்.

கல்லாவுக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அதற்கு எண் கிடையாது, நோட்டிலும் ஏறாது. ஆண்கள் வருவார்கள், மாமாவைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், நான் உள்ளே அனுப்பப்படுவேன். கேசட் பழைய தினத்தாளில் சுற்றிப் போகும். ஒரு நாள் மாமா இல்லாத நேரத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நான் நினைத்த மாதிரிப் படங்கள்தான். ஆனால் நடுவில் ஒன்று அப்படி இல்லை. அட்டையில் ஒரு கோட்டை, நீல நிற இரவு, வெள்ளைக் கவுனில் ஒரு பெண், கழுத்தில் சின்னதாக இரண்டு சிவப்புப் புள்ளி. அவள் முகத்தில் வெட்கமும் இல்லை, அழைப்பும் இல்லை. துக்கம் இருந்தது. அந்த முகத்தை இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

அந்தப் படம் அந்தப் பெட்டிக்குள் போயிருக்கக் கூடாது என்று அன்றைக்கே தோன்றியது. இந்த வகைப் படங்களுக்கு எல்லா ஊரிலும் நடந்தது இதுதான். காமம் இருக்கிறது என்று பேய்ப்பட ரசிகர் ஒதுக்கினார், பேய் இருக்கிறது என்று மற்றவர் ஒதுக்கினார். பெட்டிக்குள் போனதுதான் மிச்சம்.

கசாவெட்டிஸ் இந்தப் படத்துக்கு முன்னால், 2004இல், ஒரு ஆவணப்படம் எடுத்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த 'இசட் சேனல்' என்ற கேபிள் அலைவரிசையைப் பற்றியது. வேறு எங்கும் பார்க்கக் கிடைக்காத படங்களைத் தேடித் தேடிப் போட்ட அலைவரிசை. அந்த மனுஷிதான் தன் ரத்தக்காட்டேரியை வீடியோ கடையில் காதலிக்க வைத்திருக்கிறார். ஒதுக்கப்பட்ட படங்களை அலமாரியில் தேடுகிறவர்களின் முகம் அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அக்டோபர் 15

"இந்த வகைப் படங்கள் என்கிறீர்களே, இதற்கு முன்மாதிரி எவை?" என்று அருமனை நண்பர் கேட்டார்.

எனக்கு முக்கியமானது ஒன்றுதான். 1971, ஹாரி குமெல் இயக்கிய பெல்ஜியப் படம், 'டாட்டர்ஸ் ஆஃப் டார்க்னஸ்'. ஓஸ்டெண்ட் கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டல். சீசன் இல்லாத குளிர்காலம், ஹோட்டலே காலி. புதுமணத் தம்பதி ஒன்று தங்கியிருக்கிறது. இரவில் ஒரு சீமாட்டி தன் பெண் துணையோடு வந்து இறங்குகிறார். வரவேற்பில் நிற்கும் வயதான ஊழியர் அவரைப் பார்த்ததும் திகைத்துப் போகிறார். நாற்பது வருஷத்துக்கு முன்னால், தான் எடுபிடிப் பையனாக இருந்தபோது, இதே அம்மாள் இங்கே தங்கியிருக்கிறார். இதே முகம். ஒரு சுருக்கம் கூடவில்லை. அம்மாள் சிரிக்கிறார், அது என் அம்மாவாக இருக்கும் என்கிறார்.

அவ்வளவுதான் காட்சி. பல் இல்லை, ரத்தம் இல்லை, இசை அலறவில்லை. டெல்ஃபின் செய்ரிக் அந்தச் சீமாட்டி. குரலை உயர்த்தவே மாட்டார். புதுமணப் பெண்ணிடம் அவர் பேசுவதைக் கேட்டால், நம் வீட்டு விசேஷத்துக்கு வந்த பணக்கார அத்தை கன்னத்தைத் தடவிப் பேசுகிற மாதிரி இருக்கும். கேட்கிறவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் புருஷனை அந்நியனாகப் பார்க்கத் தொடங்குகிறாள். அந்தப் புருஷனும் நல்லவன் இல்லை என்பதுதான் படத்தின் கூர்மை. காட்சி முடியும்போது திரை கறுப்பாகாமல் சிவப்பாகிக் கரையும்.

இன்னொன்று டோனி ஸ்காட்டின் 'த ஹங்கர்', 1983. கேத்தரின் தெனூவ், டேவிட் போவி, சூசன் சரண்டன். மருத்துவமனையில் காத்திருக்கும் அறையிலேயே போவி மணிக்கணக்கில் கிழவராகிப் போவார். மற்றதெல்லாம் புகையும் திரைச்சீலையும். எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

அக்டோபர் 15, சற்றுப் பிறகு

"இந்த மரபெல்லாம் டிராகுலாவின் வாரிசு" என்று வேறு ஒரு பதிலில் எழுதிவிட்டேன். தவறு. டிராகுலா நாவல் 1897. அதற்கு 25 வருஷம் முன்னால், 1872இல், ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா' புத்தகமாக வந்துவிட்டது. ஸ்டைரியா காட்டு மாளிகையில் அப்பாவோடு தனியாக இருக்கும் பெண், வண்டி கவிழ்ந்து அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்து சேரும் இன்னொரு பெண். பெண்ணுக்குப் பெண் மேல் வரும் மயக்கமும் பசியும் ஒன்றாகக் குழைந்து வருவது அங்கே தொடங்குகிறது. நாம் பேசும் படங்களுக்குக் கார்மில்லாதான் தாய்வழி. டிராகுலா பெரியப்பா வீட்டுப் பக்கம்.

அக்டோபர் 18

இதைச் சொல்லத்தான் இத்தனை நாளாகத் தயங்கினேன். நம் ஊர்க்காரர்கள் இந்தப் படங்களைப் பார்த்துப் "பயமே இல்லையே" என்று சொல்வது எனக்குப் புரியவில்லை. இதே மாதிரி யட்சிக் கதையைக் கேட்டுத்தானே வளர்ந்தோம்?

பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போகும் பழைய காட்டுவழி. இரவு. தனியாகப் போகிறவன். எதிரே ஒரு பெண், அவிழ்த்துவிட்ட கூந்தல், பாலைப்பூ மணம். அவள் அலறவில்லை, பாயவில்லை. "கொஞ்சம் சுண்ணாம்பு இருக்குமா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான். கொடுத்தவனுக்குக் காட்டுக்குள் ஒரு மாளிகை தெரியும். விடிந்தால் பனைமரத்தடியில் நகமும் முடியும் கிடக்கும்.

ஸ்டைல் என்று எதைச் சொல்கிறோமோ அதுதான் இந்தக் கதையில் பயம். மாளிகை, மணம், வெற்றிலை போட்ட உதடு. இவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு பனைமரம். கனெக்டிகட் வீட்டின் விளக்கொளியும் அந்தப் பனைமேல் மாளிகையும் ஒன்றுதான். யட்சியும் ஜூனாவும் ஒன்றுதான்.

அக்டோபர் 20

பாலக்காட்டு நண்பர் (சித்தூர் தாலுகாத் தமிழர்) மறுத்து எழுதியிருக்கிறார். சுருக்கமாக: "யட்சிக்கு ஒரு வழக்கு இருக்கிறது. உங்கள் ஜூனாவுக்கு என்ன வழக்கு?"

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்வது சரி.

நீலி என்ற யட்சியின் கதையை எங்கள் பக்கம் இசக்கியம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டாகக் கேட்டிருக்கிறேன். மடியில் படுத்துத் தூங்கும் பெண்ணின் தலையை மணல்மேட்டில் இறக்கி வைத்துவிட்டு, நகைக்காகக் கல்லைத் தூக்கித் தலையில் போடுகிறான் அவளை நம்பவைத்தவன். சாட்சி அங்கே நின்ற கள்ளிச்செடி மட்டும். அடுத்த பிறவியில் அவள் அதே கள்ளிக்கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வந்து நிற்கிறாள். இவன் என் புருஷன், என்னை இவனோடு அனுப்புங்கள் என்று வழக்குச் சொல்கிறாள். பெரியவர்கள் அவள் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார்கள். உடுக்கும் வில்லும் அந்த இடத்தில் ஏறும்போது கூட்டத்தில் பெண்கள் அழுவார்கள். பயந்து அழுவது கிடையாது. நீதி கிடைக்கப் போகிறது என்ற அழுகை. முப்பந்தலில் இசக்கியாக நிற்கும் நீலியைக் கும்பிடப் போகிறவர்கள் பேயைக் கும்பிடப் போவதில்லை, வழக்கில் ஜெயித்தவளைக் கும்பிடப் போகிறார்கள்.

ஜூனாவுக்கு அப்படி யாரும் எதுவும் செய்யவில்லை. அவளுக்கு வீடு இருக்கிறது, பணம் இருக்கிறது, நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள், பசி இருக்கிறது. கார்மில்லாவிலிருந்தே அப்படித்தான். பிரபு வீட்டு வியாதி அது. ஊரார் செத்துக்கொண்டிருக்கும்போது மாளிகையில் வயலின் வாசிக்கும். எனவே 18ஆம் தேதிக் குறிப்பின் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். இருவரும் ஒன்றல்ல. மணம் ஒன்று, மண் வேறு.

அக்டோபர் 20, இரவு

இதைத் தொட்டு எல்லோரும் 'லோகா' பற்றிக் கேட்கிறீர்கள். 2025 ஆகஸ்டில் வந்த டொமினிக் அருணின் மலையாளப் படம், கல்யாணி பிரியதர்ஷன் நீலியாக. பார்த்தேன், பிடித்தது. நீலி கதையின் ஊரான கள்ளியங்காடு எங்களுக்கு நாகர்கோவில் போகும் பஸ் நிற்கும் இடம், அதன் பெயரைத் தியேட்டரில் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. அவளுக்கு ஒரு வழக்கையும் கொடுத்திருக்கிறார்கள், ராஜாவுக்கு எதிராக. ஆனால் அவள் காவல் தெய்வமாகிவிட்டாள். ஆசை விடைபெற்றுவிட்டது. நாம் பேசுவது வேறு வகை.

அக்டோபர் 27

பெரியம்மையிடம் கேட்டேன். வயது 81. மேல்புறத்தில் இருக்கிறார், இன்னும் வெற்றிலை போடுகிறார்.

"சுண்ணாம்பு கேட்டா குடுக்கணுமா, குடுக்கப்பிடாதா?"

"கேட்டா குடுக்கணும். இல்லன்னு சொல்லப்பிடாது. ஆனா கையால குடுக்கப்பிடாது. இரும்பு மேல வச்சு நீட்டணும்."

"ஏன்?"

"கை நீட்டுனா கையோட எடுத்துக்கிடுவா, மக்களே."

இந்த இரும்பு விஷயம் எனக்கு மறந்தே போயிருந்தது. மந்திரம் தெரிந்த பாதிரியார் கடமற்றத்துக் கத்தனாரின் கதை முழுவதும் இரும்புதான். கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த கேரளக் கதைகளான ஐதிஹ்யமாலையில் இருக்கிறது. கத்தனார் யட்சியின் தலையில் ஆணி அறைந்துவிடுகிறார். ஆணி இறங்கியதும் அவள் சாதாரணப் பெண்ணாகி, ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருக்கிறாள். ஒரு நாள் அந்த வீட்டுக் கிழவி அவள் தலையைக் கோதும்போது விரலில் ஏதோ தட்டுப்படுகிறது. ஐயோ பாவம் என்று பிடுங்கிவிடுகிறாள். அவள் போய்விடுகிறாள்.

இதைக் கேட்டுவிட்டு வந்து படத்தில் அந்தக் கட்டில் காட்சியைத் திரும்பப் பார்த்தேன். அதுவரை நான் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

ஜூனா பாவ்லோவிடம் தான் யார் என்று சொல்லிவிடுகிறாள். அவன் நம்பவில்லை. தன்னைக் கட்டிலோடு சங்கிலியால் கட்டச் சொல்கிறாள். ஆசை வந்தால் என்ன ஆவாள் என்று காட்டத்தான். அவன் கண் முன்னால் முகம் மாறுகிறது, பல் இறங்குகிறது. அவன் ஓட வேண்டும். ஓடவில்லை. பார்த்துக்கொண்டே நிற்கிறான், அப்புறம் சங்கிலியை அவிழ்க்கிறான்.

நம் கதையில் ஆணியை அடிப்பது ஆண், அவளைக் கேட்காமல், அவள் தலையில். பிடுங்குவது இன்னொரு பெண், இரக்கத்தால். இந்தப் படத்தில் இரும்பை அவளே கேட்டு வாங்கிக்கொள்கிறாள், அவிழ்ப்பவன் எல்லாம் தெரிந்தே அவிழ்க்கிறான். இதை ஒரு பெண் எடுத்தார் என்பதற்கு வேறு அடையாளம் தேட வேண்டாம். எழுபதுகளின் படங்களில் கடிபடுகிறவர்கள் மயக்கத்தில் கடிபடுவார்கள். இவன் விழித்திருக்கிறான்.

குழித்துறை நண்பரே, முதல் நாள் கதவுச் சங்கிலி என்று எழுதினேன் அல்லவா. அது பாதிதான். கதவுச் சங்கிலியும் கட்டில் சங்கிலியும் சேர்ந்ததுதான் இந்தப் படம்.

அக்டோபர் 29

அவர் பதில் ஒரே வரி: "சரி, அந்தக் காட்சி நன்றாகத்தான் இருந்தது. மீதிப் படம்?"

மீதிப் படம் கொஞ்சம் தளர்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ரத்தக்காட்டேரிகள் கூடும் அந்த விருந்தில் மனிதர்களைப் பற்றி நீளமாகத் தர்க்கம் செய்கிறார்கள், சுவாரசியமே இல்லை. ஆனால் அங்கே ஸீனியா இருக்கிறாள். அன்னா முக்லாலிஸ், அந்தக் கட்டைக் குரல். ஸீனியா மேடை நடிகை, அந்தக் கூட்டத்துக்கே பெரியவள், மனித ரத்தம் கூடாது என்று உபதேசம் செய்பவள். மிமி அவளுக்கு ஒரு ரசிகையைக் கூட்டிக்கொண்டு வந்து விடுகிறாள். குடிக்காதவர் வீட்டில் பாட்டிலை வைத்துவிட்டுப் போவது போல. விரதம் இருப்பவர்களைப் பார்த்தால் சிலருக்கு வரும் கோபம் இருக்கிறதே, மிமியிடம் இருப்பது அதுதான். தீமை என்று அதைச் சொல்ல மாட்டேன். எங்கள் சொந்தத்திலேயே அப்படி ஒருவர் இருந்தார். குடியை விட்டுத் திரும்பி வந்தவரின் வீட்டுக்கு முதல் வாரமே பார்சலோடு போனவர். என்ன நடந்தது என்று எழுத மனமில்லை. மிமி சிரிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் முகம் வருகிறது.

நவம்பர் 3

காஞ்சிரோட்டு யட்சியை யாரும் குறிப்பிடவில்லையே என்று ஒரு நண்பர். மார்த்தாண்டம் பக்கத்து ஊர்க் கதை, எங்களுக்கே மறந்துவிட்டது.

சிருதேவி பணக்காரத் தாசி. பல்லக்குத் தூக்கும் குஞ்ஞுராமன் மேல் ஆசை. அவனுக்கு மனைவி இருக்கிறாள், இவள் மேல் நாட்டமில்லை. மனைவியைக் கொல்ல ஏற்பாடு செய்கிறாள். விஷயம் தெரிந்து அவன் இவளைக் கொல்கிறான். யட்சியாகப் பிறந்து, பிறந்த கொஞ்ச நேரத்திலேயே முழுப்பெண்ணாகி, ஊர் ஆண்களின் ரத்தம் குடிக்கிறாள். அப்போதும் தேடுவது அவனைத்தான். கடைசியில் ஒரு உடன்படிக்கை: ஒரு வருஷம் அவனோடு வாழலாம், அப்புறம் கோயிலில் அடங்கிவிட வேண்டும். பத்மநாபசுவாமி கோயில் நிலவறையில் இன்றும் அவள் இருப்பதாகச் சொல்வார்கள்.

பாலக்காட்டு நண்பரின் 'வழக்கு' இங்கே செல்லாது. இவளுக்கு வழக்கு இல்லை, குற்றம்தான் இருக்கிறது. ஆசை மட்டுமே மிச்சமாகித் திரும்பி வந்தவள். 20ஆம் தேதி நான் திரும்பப் பெற்ற வரியில் பாதியை மறுபடி வைத்துக்கொள்கிறேன். நீலி ஜூனா அல்ல. சிருதேவி ஜூனாவுக்கு மிக அருகில் இருக்கிறாள்.

அந்த ஒரு வருஷம் எப்படி இருந்திருக்கும்? அவன் தினமும் அவள் பக்கத்தில் தூங்கினானா? கதை சொல்வதில்லை. யாராவது அந்த ஒரு வருஷத்தைப் படமாக எடுத்தால் வரிசையில் முதலாளாக நிற்பேன்.

நவம்பர் 16

பெரியம்மைக்குப் படம் போட்டுக் காட்டினேன். முழுவதும் இல்லை, கதவுக் காட்சி வரைக்கும்தான். லேப்டாப்பை முறத்தின் மேல் வைத்து, வராந்தாவில், அந்தி நேரம். மொழி புரியாது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார். கதவு நாலு விரல் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொறக்கப்பிடாது," என்றார்.

"யாரு, அவனா அவளா?"

"அவ தொறக்கப்பிடாது. அவளுக்கு அவன்மேல ஆச உண்டு. கண்டாத் தெரியல்லியா?"

முத்தம் வந்தது, ரத்தம் வந்தது, கதவு சாத்தியது. நான் நிறுத்திவிட்டேன். பெரியம்மை வெற்றிலைச் செல்லத்தை இழுத்து வைத்துக்கொண்டார். பித்தளைச் செல்லம், மூடியில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். காம்பு கிள்ளினார், நரம்பு உரித்தார், சுண்ணாம்புக் கரண்டகத்தைத் திறந்தார். தனக்கு வேண்டியதை விரலால் தொட்டுத் தடவினார். எனக்கும் ஒன்று மடித்துத் தரச் சொன்னேன். வெளியே இருட்டிவிட்டிருந்தது. நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார், பாக்குவெட்டியை எடுத்தார், அதன் நுனியில் துளி சுண்ணாம்பை வைத்து நீட்டினார்.